மூன்று தட்டு

டேங்கின் வாயில் காவல் எனக்கு.
உள்ளே வெல்டர் குல்ஸமான்.
ஓவர்டைம் கணக்கில் அவன் என்னைப் பொய்யன் என்றதும்
நான் அவன் அம்மாவை இழுத்ததும் போன மாதம்.
அதிலிருந்து ஒரே பஸ், ஒரே மெஸ்,
முகம் மட்டும் வேறு வேறு ஜன்னலில்.

ஜுபைலில் ஆகஸ்ட்.
இரும்பைத் தொட்டால் தோல் அங்கேயே தங்கிவிடும்.
உள்ளே ஆள் இருப்பதற்கு அத்தாட்சியாக
அவன் அடையாள அட்டை என் பக்கத்துக் கொக்கியில்.
படத்தில் தாடி இல்லை. ரொம்பச் சின்னப் பையன்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
ஸ்பானரால் மூன்று தட்டுவேன்.
அவன் இரண்டு தட்ட வேண்டும்.
இதற்குப் பேச்சுவார்த்தை தேவையில்லை.

பதினொன்று இருபதுக்குத் தட்டினேன்.
பதில் இல்லை.
மறுபடியும்.
ப்ளோயர் இரைச்சல் மட்டும்.
சட்டப்படி தலையை உள்ளே விடக்கூடாது.
விட்டேன்.
ஒரு மாதமாய் வாயில் வராத பெயரை
அந்த இருட்டுக்குள் கத்தினேன்.

டங். டங்.
பிறகு, கணக்கில் இல்லாத ஒன்று.

வெளியே வந்தவன்
ராடு மாற்றிக்கொண்டிருந்தேன் என்றான் உருதுவில்,
நான் ஏதோ சூப்பர்வைசர் மாதிரி.
என் லபன் பாட்டிலை எடுத்துப் பாதி குடித்தான்.
கேட்கவில்லை.

அட்டையைக் கழற்றி நானே கொடுத்தேன்.
அந்த இரண்டு மணி நேர ஓவர்டைம்
இன்னும் தீரவில்லை.
சாயங்காலம் பஸ்ஸில்
பக்கத்தில் உட்கார்ந்தே சண்டை போடலாம்.