ஆறு குறைகிறது

விடிய இரண்டு மணிநேரம் இருக்கிறது.
நெற்றியில் விளக்கு, கையில் கத்தி,
காதில் ஒரு ஆள் பேசுகிறான்:
பிரபஞ்சம் ஒரு ரப்பர் ஷீட் மாதிரி,
விரிந்துகொண்டே போகும்.

சிரித்துவிட்டேன், நூற்றுப் பன்னிரண்டாவது மரத்தடியில்,
கொசுவுக்கும் எனக்கும் மட்டும் கேட்கும்படி.
அவன் ஷீட்டடித்துப் பார்த்ததில்லை.
ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் நாலு தடவை கொடுத்து
புகைப்புரையில் தொங்கப்போட்டால்
அது சுருங்கித்தான் வரும்.
ஈரத்தில் அளந்தது ஒன்று,
காய்ந்தபின் அளப்பது வேறு.

கிட்டத்தட்ட அதையேதான் அவனும் அடுத்துச் சொல்கிறான்.
பக்கத்து நட்சத்திரங்களை வைத்து அளந்தால்
விரியும் வேகம் எழுபத்து மூன்றாம்.
ஆதியில் கிளம்பிய பழைய வெளிச்சத்தை வைத்துக் கணக்கிட்டால்
அறுபத்தேழாம்.
திரும்பத் திரும்ப அளந்தாயிற்று.
புதுக் கண்ணாடி ஒன்றை மேலே அனுப்பியும் அளந்தாயிற்று.
ஆறு குறைகிறது.

இங்கே ஆறு குறைந்தால்
பேச்சிப்பாறையில் ஷட்டரை அடைத்தார்களா என்று கேட்கலாம்.
அந்த ஆற்றை யாரிடம் கேட்க?

பால் விலை ஏறிய மாதங்களில் நான் ஷீட்டடிப்பதில்லை.
குலசேகரத்தில் ராஜரெத்தினம் கடைக்குக் கொண்டுபோவேன்.
மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு
முப்பத்தொன்று என்பார்.
அதே பாலை ஒரு குப்பியில் பிடித்து லேபில் கொடுத்தேன்.
ஷைலஜா உலர்த்தி நிறுத்து
முப்பத்து நாலு என்றாள்.
மூன்று வருடம் அவரைக் கள்ளன் என்று நம்பினேன்.
நம்புவது சுகமாக இருந்தது.
பிறகொரு நாள் ஷைலஜாவே கடைக்கு வந்து
தன் கையால் மிதக்கவிட்டாள்.
முப்பத்தொன்று.
“ரெண்டும் செரிதான் எக்கா.
பாலுக்கும் ஷீட்டுக்கும் இடையில என்னமோ ஒண்ணு நடக்கு.”

அந்த என்னமோ ஒன்றுக்கு
மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் கட்டுகிறேன்.
கள்ளன் இல்லாத களவு.

காதில் இருப்பவன் சின்னச் சிவப்புப் புள்ளிகளுக்குப் போய்விட்டான்.
பிரபஞ்சம் கைக்குழந்தையாக இருந்த காலத்தில்
நூற்றுக்கணக்கில் தெரிகின்றனவாம்.
கொஞ்சம் வளர்ந்ததும் அநேகமாகக் காணோம்.
நட்சத்திரக் கூட்டம் என்றார்கள்.
கருந்துளை என்றார்கள்.
வாயுவைப் போர்த்திக்கொண்டு
நட்சத்திர வேஷம் போட்ட கருந்துளை என்கிறார்கள்
இப்போது.

எதிர்மலையைப் பார்க்கிறேன்.
அங்கேயும் புள்ளிகள், பதினொன்று.
மரத்துக்கு மரம் தாவும், குனியும், மறையும், வரும்.
நடையை வைத்தே ஆள் சொல்வேன்:
விரசலாகப் போவது பிரெமிளா,
நின்று நின்று போவது மரியசெல்வம், முழங்கால் வலி.
ஒன்று மட்டும் நகரவில்லை.
மூன்று வெட்டாகப் பார்க்கிறேன்.
உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மங்கலாக,
செம்மண் நிறத்தில்.

பிரெமிளாவுக்குப் போன் போட்டேன்.
“ஒங்க பக்கம் ஒருத்தரு அனங்காம நிக்காரே, யாரு?”
அவள் மூச்சு மட்டும் கேட்டது.
“எக்கா, நானே கேக்கணும்னு இருந்தேன்.
ஒங்க பக்கம் ஒண்ணு அனங்காம நிக்கே,
அது யாரு?”

அது நான்.
வானத்தைக் கேட்டுக்கொண்டு கத்தியை மறந்து நின்ற நான்.
சொன்னதும் சிரித்தாள்.
பிறகு தன் பக்கத்தை எண்ணினாள்.
பத்துப் பேர்.
அங்கே ஆறு குறைவு, இங்கே ஒன்று கூடுதல்.

என் விளக்கை அணைத்தேன்.
இலைகளின் ஓட்டைகளில்
அதுவரை இல்லாத வானம் இறங்கி நின்றது.
புள்ளி அப்படியே இருந்தது.
நட்சத்திரம் என்றால் இதற்குள் சரிந்திருக்கும்.
ஆள் என்றால் மரம் மாறியிருக்கும்.
கோதையாற்றைத் தாண்டி ஏறினால் ஒரு மணிநேரம்,
போய்ப் பார்த்துவிடலாம்தான்.
வெயில் வந்தால் பால் நின்றுவிடும்.
நூற்றெண்பத்தெட்டு மரம் பாக்கி.

விளக்கைப் போட்டு
முந்தாநாள் கீறலுக்குக் கீழே
நூல் கனத்துக்குப் பட்டை சீவினேன்.
பால் சரிவில் தயங்கிற்று, ஓடிற்று,
சிரட்டையில் முதல் சொட்டு விழுமுன்
போன் அதிர்ந்தது. பிரெமிளா.

“மரியசெல்வம் வீட்டுக்குப் போயாச்சு.
இப்போ நாங்க ஒம்பது பேரு.
ஒங்களுக்கு எத்தன தெரியுது?”

எண்ணினேன்.
மறுபடியும் எண்ணினேன்.