பதினேழாம் வளையம்

கோம்பாக்கும் கிள்ளானும் கலக்கிற இடத்துக்கு
சேற்றுக்கூடல் என்று பெயர். அதுவே இந்த நகரம்.
வயிற்றுக்குள்ளும் ஒரு கூடல் உண்டு:
மண்ணீரலிலிருந்து ஒன்று, குடலிலிருந்து ஒன்று,
இரண்டு சிரைகள் ஓர் ஆறாகி
ஈரலுக்குள் ஏறும்.
ஈரல் இறுகிவிட்டால் ஆறு என்ன செய்யும்?
நவம்பர் மாலைகளில் கோலாலம்பூர் செய்வதைத்தான்.
கிடைத்த சந்தில் நுழையும்,
உணவுக்குழாய்ச் சுவரில் புடைக்கும்,
ஒருநாள் கரை உடைத்து வாய்வழியே வரும்.

இருபத்தாறு வருஷமாய் நான் பார்ப்பது வெள்ளத்தை அல்ல.
மேலே மதகைத் திறந்துவிட்ட தமனிகளை.
சுருங்கு என்றால் சுருங்க வேண்டியவை
சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல்
அகலத் திறந்து கிடக்கும். ஏன்?
அவ்வளவுதான் என் கேள்வி.
கல்யாண வீடுகளில்,
"அப்ப நீங்க என்ன டாக்டர்?" என்பார்கள்.
ஊசி போடாத டாக்டர் என்பேன்.
பேச்சு பாயசத்துக்குத் திரும்பிவிடும்.

சூசைநாதன் த/பெ அருளப்பன்
கல்குவாரி லோரி ஓட்டியவர்.
லோரியின் முதுகில் 'ஹத்தி-ஹத்தி', கவனம், என்றிருக்கும்.
மலாயில் ஈரலும் அந்தச் சொல்தான்,
மனசும் அந்தச் சொல்தான்.
படிவத்தை நீட்டினேன்.
புது ஈரல் வைக்கும்போது எப்படியும் வெட்டி எறிகிற
ஒரு துண்டு. அதைத் தருவீர்களா?
நான்கு பக்கமும் படித்தார்.
"அதுக்கு வலிக்குமா?"
"வலிக்காது."
"அப்ப சரி. இன்னொண்ணு எழுதிக்கிடுங்க.
நான் குடிச்சதே இல்ல."
லூர்துமேரி நிமிராமல் சொன்னாள்:
"மஞ்சக்காமாலைக் கிருமிங்க. கோயில்ல ஒருத்தரும் நம்பல."
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

அன்று சாலையெல்லாம் தண்ணீர்.
அஸ்லான் மோட்டாரில், செலாயாங்கிலிருந்து,
ஐஸ் பெட்டியை வயிற்றோடு கட்டிக்கொண்டு வந்தான்.
நூல் தடிமனில் தமனி.
கொழுப்பை உரித்து, இரண்டு மில்லிமீட்டர் நறுக்கி,
மயிரிழைக் கம்பிகள் இரண்டில் மாட்டினால்
எறும்புக்கும் பற்றாத மோதிரம்.
முதல் வளையம் என் அவசரத்தில் கிழிந்தது.
மிச்சத்தைக் குளிர்பெட்டியில், நாலு டிகிரியில்,
விடியும்வரை வைத்தேன்.

விடியுமுன் போன் வந்தது.
அவர் இல்லை.

ஈரக்குலை நடுங்கியது என்பார்களே,
எனக்கு நடுங்கியது கைதான்.
நான் பழகிய ஈரல் எதுவும் நடுங்கியதில்லை.
குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.
உள்ளே, கண்ணாடித் தட்டில்,
அவரில் இரண்டு மில்லிமீட்டர் இன்னும் உயிரோடு.
படிவத்தில் இதற்கும் கட்டம் இல்லை.

மாட்டினேன்.
முப்பத்தேழு டிகிரி. ஆக்சிஜன் குமிழிகள்.
சுருங்கு என்றேன். கோடு படுத்தே கிடந்தது.
தடுப்பு மருந்து ஒரு துளி. இருபது நிமிஷம்.
மறுபடி சுருங்கு.
கோடு தயங்கி, தயங்கி, எழுந்தது.
மூன்று மில்லிநியூட்டன்.
பன்னிரண்டு அரிசிமணி கனம்.
அஸ்லான் "அல்ஹம்துலில்லா" என்று
பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அந்தக் கோடு பிறகு நான்காம் படமாயிற்று.
எனக்கு நாற்காலி, பயணங்கள், இரண்டு மேடைகள்.
அதை நம்பிச் செய்த மருந்து நோயாளிகளிடம் தோற்றது;
ஈரலைத் தாங்கப் போய்ச் சிறுநீரகத்தை மிதித்தது.
அதையும் எழுதினேன். அதற்கு மேடை இல்லை.

செந்தூலில், நாலாம் மாடியில்,
லூர்துமேரி கோப்பி கலக்கித் தந்தாள்.
அட்டவணை ஒன்று, பதினேழாம் வரி.
விரல் வைத்துக் காட்டினேன்:
ஆண். ஐம்பத்திரண்டு. மது: இல்லை.
"அச்சுலயே போட்டிருக்கா?"
"அச்சில்தான்."
"பேரு?"
"பேர் போடுவதில்லை, அம்மா."
கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள்.
பிறகு என் பேனாவைக் கேட்டாள்,
மூடியைக் கழற்றி,
ஓரத்தில் எழுதினாள்.