துளை

பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் வந்து மூன்று வாரம்.
அட்டைப்பெட்டிக்குள் மல்லாந்து கிடக்கிறது.
வீட்டைக் கடக்கும்போதெல்லாம் சேயோன் குனிந்து
ஒரு விரலால் கூம்பை அமுக்கிப் பார்க்கிறான்,
தோசை வெந்ததா என்று பார்ப்பதுபோல.

அதற்கொரு கூடு செய்யவேண்டும்.
மூடிய கூடா, துளை வைத்த கூடா
என்பதில் நிற்கிறது எங்கள் குடித்தனம்.

மூடியது, என்கிறேன் நான்.
முப்பது லிட்டர் போதும்,
சோபாவுக்கும் ஹீட்டருக்கும் நடுவில் அடங்கும்.
அடைபட்ட காற்று ஒரு வில்:
கூம்பு ஓடினால் பிடித்து இழுக்கும்,
பின்வாங்கினால் தள்ளிவிடும்.
தவிலில் விழுந்த அடி
விழுந்த இடத்திலேயே முடியும்.
பல் செய்யும் ஆய்வகத்தில் வேலை எனக்கு.
ஒரு மயிரிழை கூடினாலும் கடிக்கிறவர் முகம் சுளிப்பார்.
அளவோடு நிற்கும் எதன்மேலும் எனக்குக் கொஞ்சம் ஆசை.

துளை, என்கிறான் சேயோன்.
அறுபது லிட்டர். பத்து சென்டிமீட்டர் குழாய்.
இருபத்தெட்டு ஹெர்ட்ஸுக்குச் சுருதி.
"கூம்புக்கு முதுகும் இருக்கு. முதுகும்தான் பாடுது.
அதை ஏன் பெட்டிக்குள்ளை வைச்சுச் சாகடிக்க வேணும்?"

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னவன்
ஆறு வருஷமாக
ஒரு "ம்"மையே இரண்டு தவணையில் தருகிறவன்.
அவனுக்கு வேலை போனதை
பேருந்து நிறுத்தத்தில் வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன்.
நானோ பல் துலக்கிக்கொண்டே கதைக்கிறவள்.

சுருதிக்குக் கீழே போனால்
கூம்புக்குப் பிடிமானம் இராது, என்றேன்.
கிழியும்.
"தெரியும்."

ஃபோவிங்கலில் எங்கள் ஜன்னலுக்கு நேரே
தொங்கு ரயில் போகும்.
மற்ற இடங்களில் ஆற்றின் மேலே, இங்கே தெருவின் மேலே.
போகையில் தேநீரில் வட்டம் விழும்.
வட்டம் அடங்கும்வரை வாய் திறப்பதில்லை,
நான்கூட.

சனிக்கிழமை பலகை வாங்கினோம். பதினெட்டு மில்லிமீட்டர்.
கடைக்காரப் பையன் நேர்கோடுதான் அறுத்துத் தருவான்,
வட்டம் எங்கள் பாடு.
சேயோன் கை நடுங்கும். கோணலான வட்டத்தோடு
ஒரே அறையில் என்னால் தூங்க முடியாது.
ஆகவே துளை வேண்டாமென்ற நானே
கவராயத்தால் கோடு கிழித்து, பால்கனியில் குந்தி,
துளையை அறுத்தேன்.
நல்ல வட்டம்.

குழாய் வாயில் மெழுகுதிரி பிடித்தோம்.
அடிக்கு அடி சுடர் தலையாட்டியது.

பத்து மணிக்குமேல் இந்த நாட்டில் சுவர்களும் காது கொடுக்கும்.
என் கம்பளிக் காலுறையைச் சுருட்டிக் குழாயில் அடைப்போம்.
கிட்டத்தட்ட மூடிய கூடு. கிட்டத்தட்ட நான் கேட்டது.

கீழ்வீட்டு ஹூட்டமான் அம்மா படியில் மறித்தார்.
அலமாரிக் கண்ணாடிகள்
ஒரேயொரு சுரத்துக்கு மட்டும் சிணுங்குகின்றனவாம்.
ரயில்காரருக்குக் கடிதம் போட்டாயிற்றாம்.
"அப்படியா" என்றேன்.
என் வாழ்நாளின் மிகச் சிறிய பதில்.

நேற்று, பதினொன்றேகால்.
பாட்டு ஒன்றும் ஓடவில்லை.
சேயோன் தரையில் உட்கார்ந்து
காலுறையை மெல்ல உருவி, மடியில் வைத்து,
விரல் பகுதியை இழுத்து இழுத்துப் பார்த்தான்.
பிறகு, வேலை போன அந்த நாளில்
மாலைவரை எங்கே சுற்றினான் என்று
சொல்லத் தொடங்கினான்.

ரயில் வந்தது.
தேநீரில் வட்டம்.
அவன் நிறுத்தவில்லை.