பதினேழாவது வாளி

வீட்டிலிருந்து தபால் பெட்டி வரை
முந்நூற்று இருபது மீட்டர்.
பாதி சறுக்கல், மீதி நம்பிக்கை.

ஒவ்வொரு ஏப்ரலும் மூன்று லாரி ஜல்லி கொட்டுவேன்.
ஒவ்வொரு ஆகஸ்டும் மஞ்சள் களிமண்
பல்லைக் காட்டும்.
ஹோகியாங்காவில் மழை பெய்வதில்லை,
வந்து குடியிருக்கிறது.

கீழ் வளைவில் எருவேராவின் பூண்டுப் பாத்தி.
மழை விட்ட மறுநாள்
என் கேட்டருகே ஒரு வாளி இருக்கும்.
நிறைய என் ஜல்லி, கழுவிச் சுத்தமாக,
மூடியில் சாக்கட்டியால் ஓர் எண்.
அணை கடந்த வெள்ளம் அழுதாலும் வராது.
ஜல்லி வரும்.
வாளியில். கணக்கோடு.

பதினாறு வரை மழையைத் திட்டினேன்.
லாரிக்காரர் டெஸ்மண்டைத் திட்டினேன்,
மட்ட ரகம் என்று.

ஜூலையில் ஓர் இரவு, பதினொன்றே கால்,
கூரைத் தகரம் காது கிழிய இரைந்தபோது
நைட்டி மேல் மழைக்கோட்டு, முழங்கால் பூட்ஸ்,
நெற்றியில் டார்ச்.
போய்ப் பார்த்தேன்,
இந்தத் தண்ணீர் என்னதான் செய்கிறது என்று.

அது ஒன்றும் செய்யவில்லை.
மேய்ச்சல் மேட்டிலிருந்து
மாட்டுத் தடம் வழியே வந்து,
கொட்டகை முனையில் சற்றே தயங்கி,
இடச் சக்கரத் தடத்துக்குப் பாதி
வலச் சக்கரத் தடத்துக்குப் பாதி என்று
பங்கு பிரித்து இறங்கிக்கொண்டிருந்தது.
பதினோரு வருடம்
பால் வாங்கவும் பல் பிடுங்கவும்
போய் வந்து, போய் வந்து
நானே வெட்டிய இரண்டு வாய்க்கால்.

மண்வெட்டியால் குறுக்கே, சாய்வாக, ஒரு கீறல்.
ஒரு சாண் ஆழம்கூட இல்லை.
தண்ணீர் திரும்பிவிட்டது,
சொன்னால் கேட்கிற ஆளைப் போல.
இருட்டில் தனியாகக் கை தட்டினேன்.

காலையில் எருவேரா வந்தார்.
வாளி காலி. மூடியில் மட்டும் பதினேழு.
"இந்த முறை கல்லை வைத்துக்கொண்டு
தண்ணீரை அனுப்பியிருக்கிறாய், ஐல்சா."
பாத்தி குளமாகியிருந்தது.
கரையில் இரண்டு பூக்கெக்கோப் பறவைகள்
நீல உடம்பும் சிவப்பு மூக்குமாய்,
குத்தகை எடுத்தவர்கள் தோரணையில்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
அவர் வானத்தைப் பார்த்தார்.
"நாளைக்கும் இருக்கிறது. குழாய் வாங்குவோமா?"

பாதைக்கு அடியில் ஆறு மீட்டர் குழாய்.
வாட்டம் எவ்வளவு என்று சண்டை.
அவர் மூன்று சென்டிமீட்டர், நான் இரண்டு.
டென்னிஸ் பந்தை உருட்டித் தீர்மானிக்கலாம் என்றோம்.
பந்து போனது.
இன்றுவரை கிடைக்கவில்லை. மூன்று வைத்தோம்.

குழாய் வாயில் தலைப் பருமன் பாறைகள்,
விழுகிற வேகம் கல்லோடு தீரட்டும் என்று.
அங்கிருந்து ஓடை வரை ஹராகேகே:
வாள் வாளாய் இலை, கரையைக் கவ்வும் வேர்,
இருபத்து நான்கு பதியன்.
பாதைக்கு நடுமுதுகு உயர்த்தி
இரு பக்கமும் சரித்துவிட்டோம்.
என் இடுப்பும் ஒரு பக்கம் சரிந்தது.

அடுத்த ஆண்டு ஜூன் போனது, ஜூலை போனது.
கேட்டருகே வாளி இல்லை.
நல்லதுதானே.
ஆனாலும் தினமும் காலையில் கண் அங்கே போனது.

ஆகஸ்டில் இறங்கிப் போனேன், சும்மா.
அவர் வாசலிலிருந்து விறகுக் கொட்டகை நோக்கி
ஒரு நடைபாதை.
நீலச் சாம்பல் ஜல்லி. டெஸ்மண்டின் ரகம்.
கொட்டகைக்கு ஆறடி இருக்கையில் நின்றுபோயிருந்தது.
அப்பால் சேறு. சேற்றில் ஒரு பலகை.

"மூன்றில் ஒரு பங்குதான் உனக்குத் திரும்ப வந்தது"
என்றார், கொஞ்சமும் கூசாமல்.
"குழாய் என்று சொன்ன அன்று
இதை யோசிக்காமல் போனேன்."

மேலே ஏறினேன்.
மழை பெய்துகொண்டுதான் இருந்தது.
காலடியில் ஒரு கல் அசையவில்லை.
கொட்டகையில் அந்தக் காலி வாளி,
மூடியில் எண் அழியாமல்.

இந்த ஏப்ரலில் ஒரே லாரி. அதிலும் மிச்சம்.
குவியலில் மண்வெட்டியைச் செருகி
விளிம்பு வரை நிரப்பினேன்.

பக்கத்தில் தண்ணீர் தன் வழியில் போக
நானும் இறங்கினேன்.
பாதி தூரத்தில் கை மாற்றிக்கொண்டேன்.
எப்படித் தூக்கி வந்தார்,
பதினாறு தடவை, இந்த ஏற்றத்தில்?