ஓமலூரும் ஆத்தூரும்

பல் கட்டும் கூடத்தில் வேலை எனக்கு,
ஐந்து ரோட்டிலிருந்து இரண்டாவது சந்து, மாடி.
பகலில் யாரோ ஒருவரின் கீழ்த்தாடை.
ராத்திரியில் பூதகணம்.

முதல் குட்டிச்சாத்தானைக் கொண்டுவந்தவன் சவரிராஜ்,
கப்பல் வேலையை விட்டு வந்தபோது
சட்டைப் பையில், ரசகற்பூர வாசத்தோடு.
ஈயம். கட்டைவிரல் உயரம். கையில் முள்தடி.
“ஒண்ணை வெச்சு என்ன சண்டை போடறது,
படை வேணுமே” என்றான்.
நோயாளி வாயில் எடுப்பதுபோலவே
அதற்கும் அச்செடுத்தேன்.
மூக்கு நுனியில் ஒரு காற்றுக்குமிழ் நின்றுவிட்டது.
அதனால்தான்
என் பன்னிரண்டு சாத்தான்களுக்கும்
மூக்கில் மரு.

வார்த்தது ஈறுக்கான பிசினில்;
பிறவியிலேயே இளஞ்சிவப்பு.
மேலே பச்சை அடித்தேன்:
செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய சைக்கிள் எனாமல்,
கால் லிட்டருக்குக் குறைந்து தரமாட்டேன் என்றார் கடைக்காரர்
(அந்த டப்பா இன்னும் தீரவில்லை).
தோசைமாவு கனத்தில் பூசியதில்
விரல்கள் ஒட்டி வாத்துக்கால் ஆயின.
கக்கத்துக்குள் பச்சை போகவேயில்லை,
தடி ஓங்கிய பக்கம்
ஈறு தெரியும்.

கண் வைக்கக் குண்டூசி.
மூச்சை அடக்கித்தான் வைத்தேன்.
ஒரு கண் ஓமலூரைப் பார்த்தது,
ஒரு கண் ஆத்தூரை.

அந்த அட்டைப்பெட்டியில் இன்னும் சிலர்.
கொலுசுக்கு ஏற்றும் மீனா நீலத்தில் ஒரு தவளை வீரன்,
நகர்த்தினால் சத்தம் வரும்போலிருக்கும்.
குடைக்கம்பிச் சிறகோடு ஒரு பறவைநாகம்,
நிற்காது, எதன்மேலாவது சாய்க்கவேண்டும்.
சூனியக்காரி ஒருத்தி:
புடவைக் கரை வரைந்து முடித்த பிறகுதான்
தாடியைக் கவனித்தேன்.
எலும்புக்கூடுகள் மட்டும் அன்றைக்கே அசல்,
ஏ மூன்று என்கிற நிறம்,
பீடி பழகிய வாய்களுக்கு நாங்கள் வைப்பது.

போர்க்களம், தெர்மாகோல் சேர்வராயன்.
இருபது கொண்டை ஊசியும் கணக்காக வெட்டினேன்.
பாறைக்கு வெள்ளக்கல்பட்டிப் பொடிக்கல்,
மண்டையோட்டுக் குவியலுக்கு ஜவ்வரிசி.
பன்னிரண்டாம் வளைவில்
சவரிராஜின் குதிரைப்படையை நிறுத்தியது
எறும்பு.

இப்போது கை தேறிவிட்டது.
இமை, இமைக்குள் ஈரம்,
ஈரத்தில் ஒரு ஜன்னல் வெளிச்சம், எல்லாம் வரும்.
“பழசையெல்லாம் உரிச்சிட்டுத் திரும்பப் பூசேன்,
பாக்கவே கூச்சமா இருக்கு.”
சரிதானே என்று பட்டது.
தலைவனை மட்டும் டெட்டாலில் ஊறப்போட்டேன்.

காலையில் பச்சை, சட்டைபோல் கழன்று
தம்ளர் அடியில் கிடந்தது.
அவன் இளஞ்சிவப்பாக, மருவோடு,
பிரசவ வார்டு வாசனையில்.

இரண்டு ராத்திரி. நான்கு விதப் பச்சை,
ஒன்றன்மேல் ஒன்று, நீர்க்கத் தடவினேன்.
கண் இரண்டும் நேராக வந்தன,
என்னையே பார்த்தன.
மற்ற பதினொன்றோடு நிறுத்தினால்
ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி இருந்தான்.

கண்ணை மட்டுமாவது கெடுப்போம் என்று உட்கார்ந்தேன்.
வரவில்லை.
மூன்று தடவை அழித்தேன்,
மூன்று தடவையும் கை தானாகப் போய்
நடுவில் நின்றது.
கோணலுக்கும் ஓர் அளவு உண்டுபோல,
அதை எங்கேயோ தொலைத்திருக்கிறேன்.
கடைசியில் தூரிகையை இடக்கைக்கு மாற்றி,
கீழே டவுன் பஸ் ஹாரன் அடிக்கும்வரை காத்திருந்து
வைத்தேன்.

ஒன்று ஓமலூர்.
இன்னொன்று ஆத்தூர்வரை போகாமல்
வாழப்பாடியிலேயே இறங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சவரிராஜ் குனிந்து பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல் பகடையைக் குலுக்கினான்.
முதல் சுற்று, மூன்றாம் வளைவு,
எப்போதும்போல முதல் ஆளாகச் செத்தான் தலைவன்.
மல்லாக்கப் படுக்கவைத்தேன்.
வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
ஏறக்குறைய.