செங்குத்து

ஒரு காற்புள்ளி விட்டுப்போனதில்
காலை பதினொன்றுவரை திரை வெறும் வெள்ளை.
போட்டதும் ஊர் எழுந்தது.
எழுந்தது என்றா சொன்னேன்?
இஸ்திரி போட்ட மேசைவிரிப்பாய்ப் படுத்தே கிடந்தது.

நான்கு கிலோமீட்டர் அகலத்தில்
நாற்பது சென்டிமீட்டர் இறக்கம்.
உள்ளதை உள்ளபடி வரைந்தால்
பள்ளம் ஒற்றைப் புள்ளிக்குள் ஒடுங்கிக்கொள்கிறது.
"ஒன்றுமே இல்லையே"
என்கிறார் சுரங்கக் கம்பெனியின் செஸ்வாவ்.
பொய் சொல்லவில்லை அவர்.

இஸட் அச்சைப் பிடித்து இழுத்தேன்,
இரண்டாயிரம் மடங்கு.
குருச்சா தெரு கிணற்றுக்குள் இறங்கியது,
தேவாலயம் விளிம்பில் தொங்கியது.
நானும் பொய் சொல்லவில்லை.

வலைக்கண்ணியை இருபதுக்கு இருபது ஆக்கினால்
இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே
ஒரு தெருவே நழுவிப்போகிறது.
இருநூறு என்றால்
மடிக்கணினியின் விசிறி மூச்சிரைக்கிறது.
சிவப்பு தீட்டினால் சபையில் கூச்சல் எழும்,
நீலம் தீட்டினால் படகு விடத் தோன்றும்.
வடகிழக்கிலிருந்து பார்த்தால்
குப்பைமேடு முன்னால் வந்து நிற்கிறது:
முழுப் பூசணிக்காயை மறைக்கச் சோறு வேண்டாம்,
நாற்பத்தைந்து பாகை போதும்.

மாலைக் கூட்டத்தில்
இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் போட்டேன்.
"எதுதான் நிஜம்?" என்றார் நகரசபைத் தலைவர்,
கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டி.
எனக்குத் தொண்டை அடைத்தது.

மூன்றாம் வரிசையில் பொக்னா குர்சேயா எழுந்தாள்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை,
கையில் இன்னும் குளோரின் வாடை.
"எங்கள் சமையலறையில் பட்டாணி சிந்தினால்
எல்லாம் அடுப்படிக்கே ஓடுகிறது.
எத்தனை மடங்கு என்று
பட்டாணியைக் கேட்கவா?"

யாரோ சிரித்தார்கள். செஸ்வாவ் சிரிக்கவில்லை.

படத்தைச் சுழற்றினேன்.
கை தவறி, பார்வைக்கோணம் மைனஸுக்குப் போய்விட்டது.
தரைக்கு அடியிலிருந்து ஊர் தெரிந்தது:
பள்ளம் மேடாக,
நம்மை நோக்கித் தொங்கும் வயிறாக.
நாற்பது ஆண்டு நிலக்கரி வெட்டியவர்கள்
நின்ற இடம் அதுதான்.
செஸ்வாவின் ஹெல்மெட்டும் ஒருகாலத்தில்
அங்கேதான் இருந்திருக்கும்.
மென்பொருளுக்கு அது தெரியாது.
அது வரைகிற பரப்புக்குத் தடிமனே கிடையாது.

கூட்டம் கலைந்த பின்னும் பொக்னா போகவில்லை.
"என் வீடு எங்கே?"
சுட்டியை நகர்த்தி நிறுத்தினேன்.
மூன்று எண்கள் துள்ளி எழுந்தன.
முதல் இரண்டை அவள் பார்க்கவே இல்லை.
டிராம் டிக்கெட்டின் பின்பக்கம்
மூன்றாவதை மட்டும் எழுதிக்கொண்டாள்,
மைனஸ் குறியை
இரண்டு முறை அழுத்தி.