எழுபத்தொரு சதவீதம்

வாளையார் தாண்டி, பி லைனில்,
மழைக்குத் தலையோடு போர்த்திய தார்ப்பாய்.
தோளிலிருந்து முன்னால் தொங்கியது
நீளப்பிடிச் சுத்தியல்.
கம்பத்துக் கேமரா
என் உடம்புச் சூட்டைப் பார்த்து
யானை என்றது.
எழுபத்தொரு சதவீதம்.

நாலு நிமிஷம்
எனக்காக நின்றது மங்களூர் வண்டி.
பத்தொன்பது வருஷ வேலையில் முதல் தடவை.
மூன்றாம் பெட்டி ஜன்னலில் ஒரு பொடியன்
செல்போன் வெளிச்சம் அடித்துத்
தும்பிக்கையைத் தேடினான்.

விடிந்ததும் கண்ட்ரோல் அறை ஷீஜா
படத்தைத் திருப்பிக் காட்டினாள்.
"ஆன தன்னெ, சேட்டா."
நானும் பார்த்தேன்:
மஞ்சளாய், காது மடங்கி,
கொஞ்சம் இளைத்த யானை.

"மனுஷன்னு கண்டுபிடிச்சிருந்தா?"

"அதுக்கு மணி அடிக்காது."
சொல்லிவிட்டு
ஆறிப்போன டீயை
ஊதிக்கொண்டே இருந்தாள்.

போன மாசியில் இதே வளைவில்தான்
வேலுக்குட்டி.
நல்ல வெயில்.
சட்டை மட்டும் போட்டிருந்தான்,
அதுவும் ஆரஞ்சு நிறம்,
தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று
கொடுத்தது.

தை பிறந்து
மழை விட்டாயிற்று.
தார்ப்பாயை இன்னும் வீட்டில் வைக்கவில்லை.
வளைவு வந்ததும்
போர்த்திக்கொள்கிறேன்.
சுத்தியலைக் கொஞ்சம்
ஆட்டியும் நடக்கிறேன்.